கேரம் பலகையும் நம் கடமையும்

விளையாட்டு என்றவுடன் நம் நினைவில் எழுவன கால்பந்தும் கபடியும் ஓட்டப் பந்தயமுமே. அமர்ந்து ஆடும் ஆட்டத்தைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். கண்டிப்பான பெரியோர் பொழுதை வீணாக்குதல் என்பர். இக்கருத்து பொருந்துமா என்பதை ஆராய்வது நம் கடமையாகும்.

கம்பம் பள்ளத்தாக்கின் தெருக்களில் மாலை வேளையில் நடப்போர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். தாழத் தொங்கும் விளக்கு. அதன்கீழ்க் கேரம் பலகை. சுற்றிலும் இளைஞர் கூட்டம். 9 கறுப்பு, 9 வெள்ளை, ஒரு சிவப்பு என 19 காய்கள். 15 கிராமுக்கு மிகாத ஸ்டிரைக்கரை விரலால் சுண்டி, காயைக் குழியில் வீழ்த்த வேண்டும். கோணமும் விசையும் மயிரிழை பிறழினும் காய் விலகிவிடும். கைத்திறனும் கணக்கறிவும் மன அடக்கமும் ஒருங்கே வேண்டப்படும் ஆட்டம் இது.

இதில் தமிழகம் பெற்ற புகழை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? உலகக் கேரம் கூட்டமைப்பு 1988இல் தோன்றியதே சென்னையில்தான். இருமுறை உலக வாகை சூடிய சென்னை மரிய இருதயம் 1996ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதைப் பெற்றார். வடசென்னையின் எளிய குடும்பத்தில் பிறந்த இளவழகி, 2008இல் பிரான்சு நாட்டில் உலகப் பட்டம் வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். அப்போது அவருக்கு வயது 17. தமிழக அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கிச் சிறப்பித்தது.

இதனோடு மேலைநாட்டு டார்ட்ஸ் ஆட்டத்தை ஒப்பிடுவோம். வட்டப் பலகையில் சிற்றம்புகளை எறியும் இவ்வாட்டம் ஆங்கிலேயரின் மதுக்கூடங்களில் வளர்ந்தது. இன்றோ அது ஒரு தொழில்முறை விளையாட்டு. 2025 சனவரியில் லண்டனில் உலகப் பட்டம் வென்ற லூக் லிட்லருக்கு 5 லட்சம் பவுண்டு பரிசு கிடைத்தது. அவருக்கும் அன்று வயது 17தான்! நம் நாட்டு நிதின் குமாரும் அந்த லண்டன் மேடையில் ஆடியவரே. மதுக்கூடத்து ஆட்டத்தை அவர்கள் உயர்த்தினர்; வீட்டு முற்றத்து ஆட்டத்தை நாம் ஏன் தாழ்த்த வேண்டும்?

"பணம் வைத்து ஆடுகிறார்களே" எனப் பெரியோர் கேட்பது நியாயமே. சூது மார்க்கம் விலக்கியது. வள்ளுவரும் தனி அதிகாரம் வகுத்துக் கடிந்தது. ஆனால் குற்றம் பணயத்தில் உள்ளது, பலகையில் இல்லை. கண்காணிப்பில்லாத தெருமுனையில் விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பழிப்பதினும், ஒழுங்குள்ள இடத்தை அமைத்துத் தருவதே அறிவுடைமை.

இன்னுமொன்று. என் உறவில் ஒரு சிறுமி இருந்தாள். அண்ணன்மார் மூவரையும் கேரத்தில் எளிதாக வெல்வாள். எட்டாம் வகுப்பு முடிந்ததும், "இனி ஆம்பளைப் பிள்ளைகளோடு உனக்கு என்ன விளையாட்டு?" என்றனர் வீட்டார். பலகை பீரோவுக்குப் பின்னால் போயிற்று. அன்று நானும் வாய் திறக்கவில்லை. காசிமாவின் படத்தை நாளிதழில் கண்ட காலையில் அந்தப் பலகையே என் நினைவுக்கு வந்தது. காசிமாவுக்கும் அவளுக்கும் திறமையில் எத்துணை வேறுபாடு இருந்தது என்பதை இனி யாரும் அளந்தறிய முடியாது. அளப்பதற்குரிய வாய்ப்பையே நாம் அளிக்கவில்லை.

ஆகவே கல்லூரிப் பெருமக்களுக்கும் ஜமாஅத் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கல்லூரியில் ஓர் அறை, நல்ல பலகைகள் நான்கு, மாணவியர்க்கெனத் தனி நேரம், பொறுப்பேற்க ஓர் ஆசிரியை. இதற்கு மைதானமும் வேண்டா. பெரும் பொருளும் வேண்டா. மாணவச் செல்வங்களே, படிப்பைக் கைவிட்டு ஆடுங்கள் என்று நான் கூறவில்லை. படிப்புக்குப் பின் எஞ்சும் ஒரு மணி நேரத்தை முறையான பயிற்சியாக்குங்கள் என்றே கூறுகிறேன்.

பீரோவுக்குப் பின்னால் கிடக்கும் பலகைகளை வெளியே எடுப்போம்.