மண்ணின் கரிமம் தில்லியின் கணக்கில் வருமா?

சித்தூர் மாவட்டத்தின் பங்காருபாளையம் 2025 ஜூலையில் தேசியச் செய்தியானது. தோத்தாபுரி மாங்காய் விலை வீழ்ந்ததால் தலைவர்கள் விரைந்தனர். மத்திய அரசும் சந்தைத் தலையீட்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நல்லதே. ஆனால், அந்த மரங்கள் வேரூன்றிய மண்ணைப் பற்றிய பேச்சு அவையில் எழுவது அரிது.

வளிமண்டலமும் தாவரங்களும் சேர்ந்து கொண்டிருப்பதைவிட அதிகக் கரிமம் உலகின் மண்ணில் உள்ளது. எந்த மண் எவ்வளவு தாங்கும் என்பதை இன்றைய மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. பல்லாயிரம் ஆண்டுகளின் மழையும் வெயிலும் பாறையைச் சிதைத்து உருவாக்கிய களிமண்ணே கரிமத்தைப் பிடித்துவைக்கிறது. களி குறைந்த செம்மண்ணின் கொள்ளளவு கரிசலைவிடக் குறைவு. இன்றைய வெப்பமோ நுண்ணுயிர்களைத் தூண்டி, சேர்ந்ததையும் கரியமில வாயுவாக வெளியேற்றுகிறது.

பாரிஸ் ஒப்பந்தத்தையொட்டி 2015-இல் இந்தியா அளித்த உறுதிமொழி, 2030-க்குள் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை ஈர்க்கக் காடுகளையும் மரங்களையுமே நம்பியது. வயல் மண்ணுக்கு அதில் தனி இலக்கு இல்லை. அதே ஆண்டில் தொடங்கிய மண்வள அட்டை கரிமச்சத்தை அளக்கிறது. ஆனால் அதன் நோக்கம் உரப் பரிந்துரை. அளப்பதும் பெரும்பாலும் மேல்மண்ணையே.

நாடு முழுமைக்கும் ஒரே இலக்கு பயன் தராது. மண் வகைவாரியாக, ஆழமாக, அதே இடத்தில் மீண்டும் மீண்டும் அளந்து, அந்தக் கணக்கை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். மண்ணைக் காக்கும் விவசாயிக்கு ஊக்கத்தொகை தர வேண்டும். விலை வீழ்ச்சியை ஓர் அரசாணை தாங்கிப்பிடிக்கலாம். இழந்த கரிமத்தை மீட்க ஓர் ஆட்சிக்காலம் போதாது.