வெற்று மாதிரி

எண்ணூர்க் கடலின் கேட்டைப் பற்றிப் பேசினால், "ஆலைகள் இருக்க, நம் திருவிழாக் கோப்பைகளா குற்றவாளி?" என்று நம்மவர் சிலர் வாதிடுகின்றனர். இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை.

கடல்நீரில் 5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துகள்களை எண்ணும் ஆய்வக உதவியாளரைப் பாருங்கள். நீரை வடிகட்டுகிறார், ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி உயிர்ப்பொருள்களைச் சிதைக்கிறார், எஞ்சியதை நுண்ணோக்கியில் எண்ணுகிறார். தம் ஆடையின் செயற்கை இழையும் அதில் விழக்கூடும் என்றஞ்சிப் பருத்தி மேலங்கி அணிகிறார். அதோடு நில்லாமல், தூய நீரையும் அதே முறையில் சோதிக்கிறார். வெற்று மாதிரி என்பது அதுவே. அதில் காணும் துகள்கள் ஆய்வகத்தின் குற்றம். அவற்றைக் கழித்த பின்னரே கடலின் கணக்கை எழுதுகிறார். இது ஆன்ம சோதனையன்றி வேறென்ன?

2017 சனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது; 2023 டிசம்பர் வெள்ளத்தில் கழிமுகமெங்கும் எண்ணெய் படர்ந்தது. மீனவர் நியாயம் கேட்டனர், கேட்டதே முறை. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது. துகளோ தெரிவதில்லை, அது ஆலையிலிருந்து வந்ததா, அறுந்த வலையிலிருந்தா, நம் கோயில் தோரணத்திலிருந்தா என்று அதன்மேல் எழுதியிருப்பதுமில்லை.

பிளாஸ்டிக் கோப்பையையும் கொடியையும் தமிழக அரசு 2019 சனவரி 1 முதல் தடைசெய்துள்ளது. 2015-இல் வெளியான 'லௌதாத்தோ சி' சுற்றுமடலை மறையுரையில் போற்றிவிட்டு, தேர்ப்பவனியில் அவற்றையே இறைப்பது எவ்வகை விசுவாசம்?

ஆலைகளை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. தன் பங்கை முதலில் கழித்தவன் கேட்கும் கேள்விக்கே ஆலைகள் மறுமொழி சொல்லியாக வேண்டும். அடுத்த கொடியேற்றத்திற்கு முன், நம் கோயில் வளாகமே நமக்கு வெற்று மாதிரியாகட்டும்.