ஜெர்மனியில் பார்வையற்றோர் எத்தனை பேர்? அரசிடமே கணக்கில்லை!

நாய் வளர்த்தால்கூடப் பதிவு பண்ணி வரி கட்டச் சொல்லும் நாடு ஜெர்மனி. ஆனால் இங்கே கண் தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள், யாரிடமும் சரியான பதில் கிடையாது.

இருப்பது ஒன்றுதான்: மத்திய புள்ளிவிவர அலுவலகம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெளியிடும் கடும் மாற்றுத்திறனாளிகள் கணக்கு. 2021 முடிவில் அந்தப் பட்டியலில் சுமார் 78 லட்சம் பேர். அதில் பார்வை பாதித்தவர்கள் 4 சதவீதம், அதாவது 3 லட்சத்துச் சொச்சம். பார்வையற்றோர் சங்கமோ 12 லட்சம் இருக்கும் என்கிறது. அதுவும் மதிப்பீடுதான். 2002ல் உலக சுகாதார நிறுவனம் வைத்திருந்த அண்டை நாடுகளின் எண்களைக் கொண்டு போட்ட கணக்கு.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? அரசு எண்ணுவது ஆட்களை அல்ல, அட்டைகளை. விண்ணப்பம் போட்டு அட்டை வாங்கியவர்தான் கணக்கில் வருவார். பல குறைபாடுகள் இருந்தால் கடுமையானது எதுவோ அதில்தான் சேர்ப்பார்கள். டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது வாடிக்கையாளர் பட்டியலைப் பார்த்து ஊர் மக்கள்தொகை சொல்வது மாதிரி.

அளவுகோலும் வேறு. ஜெர்மன் சட்டப்படி 50ல் ஒரு பங்கு பார்வையோ அதற்கும் கீழோ இருந்தால்தான் பார்வையற்றவர். உலக சுகாதார நிறுவனத்துக்கு 20ல் ஒரு பங்குக்குக் கீழே போனாலே போதும். இந்தியாவும் 2017ல் அதற்கு மாறிவிட்டது. ஆக, 25ல் ஒரு பங்கு பார்வை உள்ளவர் மதுரையில் பார்வையற்றவர், மியூனிக்கில் இல்லை!

இந்தியாவைக் குறை சொல்லியே பழகிவிட்டோம். 2015-19ல் 31 மாவட்டங்களில் வீடு வீடாகப் போய் 50 வயது தாண்டியவர்களின் கண்ணைச் சோதித்து, நாட்டில் 0.36 சதவீதம் பேர் பார்வையற்றவர்கள் என்று சொன்னது இந்தியாதான். அளவுகோல் மாறியதால் பழைய எண்களோடு நேராக ஒப்பிட முடியாது, சரி. ஆனால் போய்ப் பார்த்தார்கள்.

நமக்கென்ன என்று விடமுடியாது. எண்பதுகளில் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைவு, அது கண்ணின் விழித்திரையைத்தான் தின்னும். பக்கத்து வீட்டு அன்ரி கடிதத்தைப் போன் கேமராவில் பெரிதாக்கித்தான் படிக்கிறார். அட்டைக்கு எழுதிப் போடலாமே என்றேன். "எனக்கு ஏன் தம்பி உந்தக் காட்? ஆக்கள் என்ன கதைப்பினம்?" என்றார்.

அட்டை இருந்தால் வரிச்சலுகை உண்டு. சட்டப்படி பார்வையற்றவர் என்றானால் மாநில அரசின் உதவித்தொகையும் கேட்கலாம், தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விண்ணப்பப் படிவத்தை பிரிண்ட் எடுத்து அவர் மகளிடம் கொடுத்திருக்கிறேன். இன்னும் மேசை மேலேயே கிடக்கிறது.