மிளகுக்கு எல்லா ஊரிலும் ஒரே விலையா?

உங்கள் வீட்டில் பத்து வயதுக்கு மேல் பிள்ளை இருந்தால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயர் காதில் விழாமல் இருந்திருக்காது. 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வெளியிட்டது. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வாள்வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு வேஷம் கட்டுவார்கள். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதை 20 பக்கம் உள்ள பகடை சொல்லும். நம்ம ஊர்த் தாயக்கட்டையின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டு நல்ல விளையாட்டுதான். பிள்ளைகள் திரையை விட்டுவிட்டு மூணு மணி நேரம் மனுஷ முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்களே, அதற்கே கும்பிடு போடலாம். என் புகார் வேறு. இதில் சண்டைக்கு இருநூறு விதி இருக்கிறது, வியாபாரத்துக்கு இருப்பது வெறும் விலைப்பட்டியல்.

2014-ல் வந்த விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒரு ராத்தல் மிளகு 2 தங்கக்காசு. ஒரு செம்மறியாடும் 2 தங்கக்காசு. எந்த ஊரில்? எல்லா ஊரிலும்! மிளகு காய்க்கிற மலையடிவாரத்திலும் 2, ஆயிரம் மைல் தள்ளிப் பனி கொட்டுகிற ஊரிலும் 2. அப்புறம் எவன் மெனக்கெட்டு மாட்டு வண்டி கட்டுவான்? இங்கே மலிவு, அங்கே கிராக்கி, நடுவில் ஆபத்தான வழி. இந்த மூன்றும் சேர்ந்தால்தானே வியாபாரம்?

இதற்கு முந்தைய பதிப்பு ஒன்றில் (2003) இன்னும் வேடிக்கை. பத்தடி ஏணி 5 செப்புக்காசு. பத்தடிக் கம்பு 2 வெள்ளிக்காசு, அதாவது 20 செப்புக்காசு. ஏணியை வாங்கி, குறுக்குச் சட்டங்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இரண்டு கம்பாக விற்றால் 5 போட்டு 40 எடுக்கலாம். டிராகனோடு எதற்குச் சண்டை போட வேண்டும்? :-)

விற்கிற விதி அதைவிட மோசம். ஆயுதம், கவசம் என்றால் பாதி விலை. நகை, ரத்தினம் என்றால் சந்தையில் முழு விலை. முன்பின் தெரியாத ஊரில் போய் ஒற்றைக் காற்சிலம்பை நீட்டினால் முழு விலையும் கையில் வந்துவிடுமாம். பாவம், கோவலனுக்கு இந்தப் புத்தகம் கிடைக்கவில்லை.

சிலப்பதிகாரம் படித்த எவனும் இப்படி ஒரு விதி எழுத மாட்டான். தெரிந்தவர் இல்லாத ஊர், கையில் விலை உயர்ந்த பொருள், எதிரே நிற்பவன் யோக்கியனா என்று தெரியாது. ஒரு முழு நாள் விளையாடுவதற்கான கதை இதில் இருக்கிறது. புத்தகமோ ஒரு வரியில் முடித்துவிட்டது.

வியாபார விதியை யாருமே எழுதவில்லை என்று சொல்ல மாட்டேன். 1977-ல் மார்க் மில்லர் கொண்டுவந்த டிராவலர் என்ற விண்வெளி விளையாட்டில் சரக்கின் விலை கிரகத்துக்குக் கிரகம் மாறும். விவசாய கிரகத்தில் ஒரு விலை, தொழிற்சாலை கிரகத்தில் வேறு விலை, மேற்கொண்டு பகடை. அது ராக்கெட் உலகம். வாளும் குதிரையும் உள்ள உலகத்துக்கு என்ன செய்வது?

நிற்க. அதற்கான சரக்கு மைசூரில் 1905-லேயே கிடைத்துவிட்டது. (இப்போது மைசூரு. நம்ம வாயில் மைசூர்தான் வருகிறது.)

மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் நூலகராக இருந்த ருத்ரபட்ண ஷாமசாஸ்திரி கைக்கு ஓர் ஓலைச்சுவடி வந்தது. கொடுத்தவர் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர். எழுத்து நம்ம பக்கத்துக் கிரந்தம். பிரித்துப் பார்த்தால், தொலைந்துபோனதாக நினைத்திருந்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம்! 1909-ல் மூலத்தை அச்சிட்டார், 1915-ல் ஆங்கில மொழிபெயர்ப்பை முழுப் புத்தகமாகக் கொண்டுவந்தார். காவிரித் தண்ணீர் மைசூர்ப் பக்கமிருந்து தஞ்சாவூருக்குப் போகிறது, சுவடி தஞ்சாவூரிலிருந்து மைசூருக்குப் போயிருக்கிறது.

இதே மைசூரை ஆண்ட மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1868-ல் மறைந்தவர்) பலகை விளையாட்டுப் பைத்தியம். புதிது புதிதாகத் தானே விளையாட்டு கண்டுபிடித்தவர். ஸ்ரீதத்வநிதி நூலில் விளையாட்டுகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானா என்ற மைசூர் அமைப்பு, 'கிரீடா கௌசல்யா' என்ற பெயரில் பழைய விளையாட்டுகளுக்குக் கண்காட்சி நடத்தியிருக்கிறது. ஒரே ஊரில் பலகையும் இருக்கிறது, விதிப்புத்தகமும் இருக்கிறது. இரண்டையும் யாராவது சேர்த்து வைக்கக் கூடாதா என்பதுதான் என் ஆதங்கம்.

சுங்க அதிகாரி பற்றிய அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் வாசலில் சாவடி, பக்கத்தில் கொடி. வண்டி வந்ததும் யார், எந்த ஊர், எவ்வளவு சரக்கு, எங்கே முத்திரை வைத்தது என்று எழுதிக்கொள்வார்கள். முத்திரை இல்லையென்றால் இரண்டு மடங்கு சுங்கம், கள்ள முத்திரை என்றால் எட்டு மடங்கு. வியாபாரி கொடியடியில் நின்று அளவையும் விலையையும் மூன்று முறை கூவ வேண்டும். வாங்குகிறவர்கள் போட்டி போட்டு விலை ஏறினால், ஏறின தொகை கஜானாவுக்கு. சுங்கத்துக்குப் பயந்து குறைத்துச் சொன்னால், மறைத்தது பறிமுதல் அல்லது எட்டு மடங்கு சுங்கம். வெளியிலிருந்து வரும் சரக்குக்குப் பொதுவாக ஐந்தில் ஒரு பங்கு.

இதை அப்படியே மேஜைக்குக் கொண்டுவருவோம். 100 ராத்தல் மிளகு, ராத்தல் 2 வீதம் 200 காசுக்கு வாங்கியாச்சு. போகிற ஊரில் விலை 6, ஆக மொத்தம் 600. உண்மை சொன்னால் சுங்கம் 120. சரக்கைப் பாதியாகக் குறைத்துச் சொன்னால் 60. மாட்டிக்கொண்டால் எட்டு மடங்கு, 960! சரக்கே 600-க்குத்தான் போகும். 20 பக்கப் பகடையில் 1 விழுந்தால் மட்டும் மாட்டுவோம் என்றால், பொய் சொல்வதற்குச் சராசரியாக ஆகும் செலவு 105. உண்மையின் செலவு 120. பொய்தான் லாபம். 1 அல்லது 2 விழுந்தால் மாட்டுவோம் என்றால் பொய்யின் செலவு 150 ஆகிவிடுகிறது. தண்டனையை ஏற்றாமலே, காவலை ஒரு படி இறுக்கினால் போதும், யோக்கியனாக இருப்பது லாபமாகிவிடும். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளை கொட்டாவி விடுவான். விளையாட்டில் தானே கண்டுபிடிப்பான்.

வழி விதி இன்னும் ருசி. எல்லைக் காவலதிகாரி சரக்கு வண்டிக்கு ஒன்றேகால் பணம் வழிவரி வாங்கிக்கொள்ளலாம். வாங்கினால், அவர் எல்லைக்குள் தொலைந்ததையும் களவு போனதையும் அவரே ஈடு செய்ய வேண்டும். வரியும் காப்பீடும் ஒன்றாகவே வந்துவிட்டது! கொள்ளைக்காரன் சரக்கைத் தூக்கிக்கொண்டு போனால் அவனைத் துரத்துவதா, அதிகாரி வீட்டு வாசலில் போய் உட்காருவதா? இரண்டுமே கதைதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கௌடில்யர் ராஜாவின் ஆள். வியாபாரி என்றாலே பெயர் வைக்காத திருடன் என்கிற பார்வை அவருக்கு. உள்ளூர்ச் சரக்கில் நூற்றுக்கு 5, வெளியூர்ச் சரக்கில் நூற்றுக்கு 10, அதற்கு மேல் லாபம் வைக்கக் கூடாது என்கிறார். வியாபாரியின் பக்கம் தெரிய வேண்டுமானால் நம்ம கல்வெட்டுகளுக்குத்தான் வர வேண்டும். ஐந்நூற்றுவர், மணிக்கிராமம் என்று சங்கம் வைத்து, கடல் தாண்டியும் போனவர்கள். சுமத்ராவின் பாரூஸில் ஐந்நூற்றுவர் 1088-ல் தமிழிலேயே கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். சரக்கைக் காக்கச் சொந்தமாக வீரர்கள். அந்த எறிவீரர் பெயரால் எறிவீரப்பட்டினம் என்றே ஊர்கள் இருந்தன. வாளோடு வேலை தேடி அலைகிற நாலு பேரைக் கொண்ட விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முதலாளி யார்?

ராஜாவுக்கு ஒரு விதிப்புத்தகம், வணிகர் சங்கத்துக்கு ஒரு விதிப்புத்தகம். இரண்டும் முட்டிக்கொள்கிற இடத்தில்தான் நல்ல விளையாட்டு பிறக்கும்.

"விளையாட வந்த இடத்தில் கணக்குப் பிள்ளை வேலையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அலுவலகத்தில் பொட்டி தட்டிவிட்டு வந்து ராத்திரியும் எக்செல் போட எவனுக்கும் ஆசையில்லை. நான் கேட்பது நாலே விதி. ஊருக்கு ஒரு பொருள் மலிவு, ஒரு பொருள் கிராக்கி. சாவடியில் உண்மையா பொய்யா என்று ஒரு முடிவு. வழிவரி கட்டினால் ஈடு உண்டு. தெரிந்தவர் இல்லாத ஊரில் விலை உயர்ந்த பொருளை விற்றால் பகடை உருட்ட வேண்டும், சங்கத்தின் ஆள் கூட வந்தால் உருட்ட வேண்டாம். ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம்.

இது எதற்கு நமக்கு என்றால், காரணம் இருக்கிறது. வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்கு நாம் கொடுக்கிற 'நம்ம கலாச்சாரம்' பெரும்பாலும் பட்டுப்பாவாடை, பொங்கல் கோலம், வருஷத்துக்கு ஒரு மேடை நிகழ்ச்சி. கதை கொடுத்தாலும் ராஜா ராணிதான். ராஜா பேரைப் போட்டு ஒரு இந்திய அசுரனைச் சேர்த்துவிட்டால் விளையாட்டு நம்முடையது ஆகிவிடாது. அது வேஷம்தான், ஒரு மணி நேரத்தில் கலைந்துவிடும். விதிகள் புத்தியில் தங்கும். முகம் தெரியாத ஊருக்குப் போய், அங்கே யாரை நம்புவது, எதை வெளிப்படையாகச் சொல்வது, ஆபத்துக்கு யார் கை கொடுப்பார் என்று கணக்குப் போட்டு வாழ்வது எப்படி? ஐந்நூற்றுவர் பார்த்த வேலை அது. விசாவும் பெட்டியுமாக வந்து இறங்கிய நாமும் அதைத்தான் பார்த்தோம். சங்கத்தின் இடத்தில் நமக்கு ஒரு தமிழ்ச் சங்கம், ஏர்போர்ட்டுக்குக் கார் கொண்டு வந்த ஒரு நண்பர்.

அடுத்த முறை பிள்ளைகள் பகடையோடு உட்காரும்போது, முறுக்குத் தட்டை வைத்துவிட்டு நகராதீர்கள். "நான் வியாபாரியாக வரட்டுமா? ஒரு வண்டி மிளகு இருக்கிறது, காவலுக்கு ஆள் வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். கூலி பேசும்போது மட்டும் ஜாக்கிரதை. நம்ம பிள்ளைகள் பேரம் பேசுவதில் தங்கமணிகளையே மிஞ்சிவிடுவார்கள்!