லோகா இல்லாத அலிகேட்ஸ்

கிள்ளானிலிருந்து ஓர் அக்கா நேயர் விருப்பத்துக்கு அழைத்தார். "தம்பி, லோகா இல்லாத அலிகேட்ஸ், அலிகேட்ஸா?"

பினாங்கில் டேவிட், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் வளர்த்த குழு. நம் பிள்ளைகள் பாடிய மலாய்ப் பாட்டுக்கு நாடே தலையாட்டியது. 2007இல் லோகா மறைந்தார். டேவிட் தொடர்ந்து பாடினார்.

ஆள் மாறினால் பேரையும் மாற்றட்டும் என்று நினைத்தவன் நான். அமெரிக்காவின் லினர்ட் ஸ்கினர்ட் குழுவைக் கேட்ட பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. 1976இல் அட்லாண்டா மேடையில் பதிவான அவர்களின் நேரடி இசைத்தொகுப்பில், எந்தப் பாட்டு வேண்டும் என்று பாடகர் ரோனி வான் ஸான்ட் கேட்கிறார். கூட்டம் கத்துகிறது. மறு ஆண்டே விமான விபத்தில் அவர் இறந்தார். 1987இல் தம்பி ஜானி மைக்கைப் பிடித்தார். 2023இல் கிட்டார் கலைஞர் கேரி ராஸிங்டனும் மறைந்தார். தொடங்கியவர்களில் இனி ஒருவரும் இல்லை. குழு இன்னும் பாடுகிறது, கூட்டம் அதே பாட்டைத்தான் கேட்கிறது.

"எந்தப் பாட்டுக்கா வேணும்?" என்றேன்.

'ஹிங்கா ஆகிர் நந்தி' என்றார். பாட்டு ஓடி முடியும்வரை அவர் போனை வைக்கவில்லை. மெல்லக் கூடவே பாடிக்கொண்டிருந்தார்.