பூட்டு ஊரில் பாதுகாப்புக்குப் பூட்டா?



புதிதாக ஒருவர் தொழில் தொடங்குகிறார். வாசலில் வாழைமரம், நிலையில் மாவிலை, இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம். ஊர்ப் பெரிய மனிதர் விளக்கேற்றியாகிவிட்டது. நிலத்துக்கு இவ்வளவு, கட்டிடத்துக்கு இவ்வளவு, டிரான்ஸ்பார்மருக்கு இவ்வளவு என்று பாங்கிக்குக் காட்டிய கணக்கில் காலணா பிசகில்லை. அந்த இயந்திரத்தின் முன் நிற்கப் போகிறவனின் நுரையீரலுக்கு அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்? தேடிப் பாருங்கள், கிடைக்காது!

"முதலில் தொழில் நிற்கட்டும், லாபம் வரட்டும், பாதுகாப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். பிறகு என்றால் எப்பொழுது? கை போன பிறகா?

வேடசந்தூர்ப் பக்கம் எழும் நூற்பாலைகளை எண்ணிப் பாருங்கள். புளோ ரூமிலும் கார்டிங்கிலும் பறக்கும் பஞ்சுத் தூசியில் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம். நெஞ்சுக்குள் இறங்குவது அதைவிட நுண்ணியது. வார விடுமுறை கழிந்து திரும்பும் முதல் நாள் மார்பு இறுகும், மறுநாள் தேறும். ஆண்டுகள் போனால் எல்லா நாளும் அந்த முதல் நாள்தான். பிசினோசிஸ் என்று வைத்தியர்கள் அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். தூசியை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் வரைபடத்திலேயே இருந்தால் செலவு குறைவு. எல்லாம் நிறுவியான பின் கூரையை உடைத்து வை என்றால் எந்த முதலாளி இசைவார்? "துண்டை எடுத்து மூக்கில் கட்டிக்கொள்" என்பார்.

தோல் ஷாப்பு விஷயமும் அதுதான். முடி நீக்கும் தொட்டியின் கழிவு நீரில் சல்பைடு இருக்கிறது. பதப்படுத்தும் தொட்டியின் நீரில் அமிலம் இருக்கிறது. இரண்டும் ஒரே குழியில் சேர்ந்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு விஷவாயு கிளம்பும். அளவு மிகுந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமும் தெரியாது. குழியில் இறங்கியவன் சாய்வான்; அவனைத் தூக்க இறங்கும் தோழனும் சாய்வான். இரண்டு நீருக்கும் தனித்தனி வாய்க்கால் வெட்ட எத்தனை செங்கல் வேண்டும்? ஷாப்பு கட்டும்போது வெட்டினால் கொத்தனாரின் சில நாள் வேலை! இந்த ஊரின் தோல் தொழிலாளர் வாழ்வை டி. செல்வராஜ் 'தோல்' என்றே நாவலாக எழுதி, 2012-இல் சாகித்திய அகாதமி விருதும் பெற்றார். ஷாப்பு முதலாளிமார் எத்தனை பேர் படித்தார்களோ!

சற்று நிமிர்ந்து மேற்கே மலையைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை 1980களில் கொடைக்கானலில் நடந்தது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடந்து கண்டுபிடிக்கப்பட்டது. 2001-இல் ஆலை மூடப்பட்டது. தொழிலாளர் உடல்நலம் கெட்டதற்கு ஆலை காரணமல்ல என்று கம்பெனி மறுத்தது. 591 முன்னாள் தொழிலாளர்களுடன் அது உடன்பாட்டுக்கு வந்தது 2016-இல். இடையே எத்தனை ஆண்டு பாருங்கள்! ஆலை மூடிய ஆண்டில் பிறந்த குழந்தை பள்ளி முடிக்கும் வயதை நெருங்கிவிட்டது.

பாதுகாப்பு என்றதும் இரும்பையும் விஷத்தையும் மட்டும் நினைக்கிறோம். மேஸ்திரியின் கையும் வாயும் அதில் சேராவா? 2021 ஜனவரியில் நம் மாவட்டத்து ஆடை ஆலைத் தொழிலாளியான ஓர் இளம்பெண் கொலையுண்டாள். ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். பெண்கள் தலைமை தாங்கிய தொழிற்சங்கம் போராடியது. 2022-இல் பிறந்தது 'திண்டுக்கல் ஒப்பந்தம்'. வேலைத்தளத்துப் பெண்களே கண்காணிப்பாளர் ஆனார்கள். துணி வாங்கும் அயல்நாட்டுக் கம்பெனிகளும் கையெழுத்திட்டன. பூட்டால் பெயர் பெற்ற ஊரின் பெயர், உலகத் தொழிலாளர் மேடைகளில் இதனாலும் ஒலித்தது!

சட்டம் என்ன செய்கிறது? 1948-ஆம் ஆண்டுச் சட்டம், மின்சக்தி இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் வேலை செய்யும் இடத்தைத் தொழிற்சாலை என்றது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அதை 20, 40 என்று உயர்த்திவிட்டது. மோட்டார் ஓடும் பட்டறையில் 12 பேர் இருந்தால் நேற்று அது தொழிற்சாலை, இன்று அல்ல! நியாயத்தையும் சொல்லிவிடுவோம்: 10 பேர் உள்ள இடத்தில் முதலாளிக்குப் பொதுக் கடமைகளை அதே சட்டம் விதிக்கிறது, நியமனக் கடிதமும் கொடுக்கச் சொல்கிறது. வரவேற்கிறோம். ஆனால் நான்கைந்து பேர் அமர்ந்து அராவும் பூட்டுப் பட்டறை அந்தப் பத்தையும் எட்டாதே! 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டுக்கு முத்திரை கிடைத்தாயிற்று. அராவுகிறவன் கண்ணுக்கு ஒரு கண்ணாடி கிடைத்ததா?

ஆகவே கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் அடுத்த கம்பெனிக்குக் கடைக்கால் தோண்டும்போதே போய் வரைபடத்தைக் கேளுங்கள். தூசிக் குழாய் எங்கே, கழிவு வாய்க்கால் எத்தனை, பெல்ட்டுக்குக் கூண்டு உண்டா, தீப்பிடித்தால் இரண்டாவது வாசல் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். "வேலைக்கே இன்னும் ஆள் எடுக்கவில்லை, அதற்குள் யூனியனா?" என்று முதலாளி முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். சிமெண்ட் காய்வதற்குள் கேட்டுவிட வேண்டும்.