குழாய் போனது, ஓட்டை நின்றது

அய்யனார் கோவில் மலையில் மழை இறங்கும் ஐப்பசி, கார்த்திகையில் ராஜபாளையத்துச் சுவர்கள் சொல்லிவிடும், எந்த வீட்டில் பழைய இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பிவிசி மாட்டினார்கள் என்று. குழாய் போன இடத்தில் ஒரு கை சிமெண்டை அப்பிவிட்டுப் போயிருப்பார்கள். சில மழைக்குள் அது விளிம்பில் விரிசல் விட, உள்சுவரில் ஈரம் படரும்.

ஓட்டையைச் சரியாக அடைக்கும் வேலை ஒன்றும் பெரிதில்லை. ஓட்டையில் உதிரும் காரையையும் துருவையும் சுரண்டி, தூசி போகக் கழுவி, சுவரை நனைத்துக்கொள்ள வேண்டும். ஆழமான ஓட்டை என்றால் செங்கல் துண்டுகளைக் கலவையில் பதித்து, ஒன்றுக்கு மூன்று அல்லது நான்கு என்ற சிமெண்ட்-மணல் கலவையை ஒரே மூச்சில் திணிக்காமல் அடுக்கடுக்காக நிரப்பவேண்டும். பிறகு குறைந்தது ஏழு நாள் தண்ணீர் தெளிக்கவேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது இந்த ஏழு நாள்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்கு வேறு கணக்கு. அங்கே கெட்டியான சிமெண்ட் அடைப்பு ஈரத்தை வெளியேறவிடாமல் பிடித்துவைத்து, சுற்றியுள்ள காரையை உதிர்க்கும். அந்த ஓட்டைக்குச் சுண்ணாம்புச் சாந்தே பொருத்தம். குழாய் மாற்றக் கூலி பேசும்போதே, ஓட்டை அடைப்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.